மூன்று வாய் கேட்டால்தான் கையெழுத்து

“…இல்லைன்னு சொல்ல வரலைங்கய்யா, கடன் இருக்கு. பட்டாளத்துல இருக்கறது அவன், பதில் சொல்ல வந்தது நான். என் இடத்தை எடுத்துட்டீங்கன்னா எதை வித்துக் குடுப்பேன், அதை மட்டும் நீங்க சொல்லுங்க” என்று மல்லிகா சொன்னபோது நீதிபதியின் பேனா நின்றது. எங்கள் வக்கீல் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். நான் வாதி தரப்புக் குமாஸ்தா. எதிர்த் தரப்பு நன்றாகப் பேசினால் நான் சிரிக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே இருந்த மின்கம்பத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

அவள் பேசியது பர்மியத்தில். ரங்கூனில் க்யிம்யிண்டைங் மீன் மார்க்கெட்டில் படகுக்காரர்களோடு சத்தம் போட்டுப் பழகிய பர்மியம் அது. நீதிமன்றத்துக்காக அவள் அதைக் கொஞ்சம் தணித்துக் கொண்டு வந்திருந்தாள். தணித்தும் வராந்தா வரைக்கும் கேட்டது.

இந்தக் கதையை எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஆபீசில் இப்போது இருக்கும் இளம் வக்கீல்கள். “ஆன்ட்டி, இப்ப ஒருத்தர் பட்டாளத்துல இருக்காரான்னு நாங்க போன்ல அவர் படத்தைத் தேடிப் பார்த்துடறோம். அப்ப நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்கள். கேட்டுத்தான் கண்டுபிடித்தேன் என்றேன். “யாரைக் கேட்டு?” என்றார்கள். நல்ல கேள்வி. என் முழு உத்தியோகமும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

என் பெயர் செண்பகம். அப்பா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடம் எனக்கு ஏழாவதோடு முடிந்தது. ரங்கூனின் பபேடான் பேட்டையில் ஒரு வக்கீலின் மாடி ஆபீசில் டீ கொடுக்கவும் வழக்குக் கட்டுகளுக்கு நூல் கட்டவும் போனேன். கட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் இருந்ததால் படிக்கக் கற்றேன். டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போனதால் டைப் கற்றேன். வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்ததால் சட்டமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வக்கீல் என்னை மா சகா என்று கூப்பிடுவார். மா என்பது பெண் பெயருக்கு முன்னால் போடும் சொல்; சகா என்றால் பர்மியத்தில் செண்பகப் பூ. பேச்சு என்றாலும் அதே சொல்தான். பூவுக்காகக் கூப்பிடுகிறாரா, பேச்சுக்காகக் கூப்பிடுகிறாரா என்று நான் கடைசி வரை கேட்கவில்லை.

வக்கீலின் பெயர் ஊ தான் ஸின்; ஊ என்பது பர்மியத்தில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல். ஒல்லியான ஆள். குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். கோபம் வந்தால் இன்னும் தாழும். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். கடன் வழக்குகள்தான் ஆபீசுக்கு அதிகம் வரும். பணம் கொடுத்தவர் பிராது போடுவார், வாங்கியவருக்குச் சம்மன் போகும், அவர் வரமாட்டார். வராதவர் மேல் ஒருதலையாக டிக்ரி வாங்குவது சுலபம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. அந்த ஆள் பட்டாளத்தில் இருக்கிறாரா?

இருந்தால் எல்லாம் மாறிவிடும். வீட்டுக் கதவில் ஒட்டிய சம்மன் செல்லாது. அவருடைய மேலதிகாரி வழியாக அனுப்ப வேண்டும். எல்லையில் எங்கேயோ காவல் நிற்கிற ஒருவனுக்குத் தன் மேல் வழக்கு இருப்பதே தெரியாமல் ஊரில் அவன் சொத்தை ஏலம் விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அதனால் எதிராளி பட்டாளத்தில் இல்லை என்று விசாரித்துப் பிரமாணம் செய்யச் சில நீதிபதிகள் கேட்பார்கள். கேட்காத நீதிபதியிடமும் ஊ தான் ஸின் கொடுப்பார்.

அவர் கையெழுத்துப் போடும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஆபீசில் வெறும் தலையோடுதான் இருப்பார். நீதிமன்றத்துக்குக் கட்டுகிற காங்பாங் தலைப்பாகையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். பிரமாணப் பத்திரம் வந்தால் டின்னைத் திறந்து, இளஞ்சிவப்புப் பட்டு காங்பாங்கை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடி முன் நின்று காதோரம் வரும் நுனியைச் சரிசெய்து, பிறகு நாற்காலியில் உட்காருவார். பேனாவைத் திறக்கமாட்டார்.

“மா சகா, யார் சொன்னது?”

மூன்று வாய் கேட்டிருக்க வேண்டும். அது அவருடைய சொந்த விதி. எதிராளியை விரும்புகிற ஒருவர், அவர் மேல் கோபமாக இருக்கிற ஒருவர், அவரைப் பற்றிக் கவலையே இல்லாத ஒருவர். விரும்புகிறவர் மறைப்பார், கோபக்காரர் கூட்டுவார், கவலை இல்லாதவர் இரண்டும் செய்யமாட்டார் என்பது அவர் கணக்கு. மூன்றும் ஒத்துப்போனால் பேனா திறக்கும். ஒத்துப்போகாவிட்டால் காங்பாங் கழன்று டின்னுக்குள் போய்விடும். நான் மறுபடி செருப்பை மாட்ட வேண்டும்.

முதலில் எனக்கு இது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. ஒரு தடவை தெருவே ஒரு ஆளைப் பட்டாளத்துக்காரர் என்றது. நடை அப்படி, மீசை அப்படி, பச்சைச் சட்டை வேறு. அவர் மேல் கோபமாக இருந்த மாமியாரைக் கேட்டேன். “பட்டாளமா? பழைய பட்டாளச் சட்டை வாங்கி விக்கறான். விக்காததைப் போட்டுக்கறான்” என்றார். அன்றிலிருந்து மூன்று வாய் விதியை நானே விரும்ப ஆரம்பித்தேன். மனிதர்களிடம் போய் உட்கார்ந்து பேசச் சம்பளம் கொடுக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்?

கைபேசி எண் எல்லாருக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் ஹமீது பாய் வந்தார். எங்கள் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர் கடை. அவருடைய முன்னோர் தஞ்சாவூர்க் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பேச ஆரம்பித்தால் அவரே ஒரு ஒலிபெருக்கி.

“தங்கச்சி, இந்த முருகேசு பய கடன் வாங்குறப்ப என் மூஞ்சியப் பாத்தான். குடுக்குறப்ப என் கடை ஃபேனப் பாத்தான். இப்ப ஆளையே காணோம்” என்றார்.

முருகேசு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடலாம் என்று ஒரு முழு செட்டைத் தவணைக்கு வாங்கியிருக்கிறான். மழைக்காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விசேஷம். படகு சாய்ந்தது. பெட்டிகள் தண்ணீரில்.

“ஆத்துல விழுந்துடுச்சு பாய்ங்கறான். நான் ஆத்துக்கா கடன் குடுத்தேன்?”

முருகேசு பெயரில் ஒரே ஒரு சொத்து இருந்தது. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் மீன் விற்கும் இடம். அப்பா இறந்த பிறகு மகன் பெயருக்கு மாறியது. அங்கே உட்கார்ந்து விற்பது அம்மா மல்லிகா. டிக்ரி வந்தால் அந்த இடம் போகும். மல்லிகாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பாய்க்கு அந்தக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கும் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

சம்மன் வீட்டுக் கதவில் ஒட்டியாயிற்று. யாரும் வரவில்லை. நான் மூன்று வாய் தேடிப் புறப்பட்டேன்.

விரும்புகிற வாய், கோயில் மேளக்காரர். முருகேசுக்கு க்ளாரினெட் ஊதச் சொல்லிக்கொடுத்தவர். “மலேசியாவுல இருக்கான்மா. தங்கமான பய. மூச்சு மட்டும் இருந்தா போதும், அவன் கையில எந்தக் குழலும் பேசும்” என்றார்.

கோபக்கார வாய், பின் தெருவில் ஒரு தகப்பனார். மகளின் காதுகுத்து நடுவில் முருகேசின் ஒலிபெருக்கி செத்துப்போய், குழந்தை அலறியது மட்டும் தெரு முழுக்கக் கேட்டதாம். “மலேசியா போயிட்டான். அங்க யார் வீட்டு விசேஷத்தைக் கெடுக்கறானோ!” என்றார்.

இரண்டு வாய் மலேசியா. எங்கள் பக்கத்தில் காணாமல் போகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மலேசியாதான். நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. மூன்றாவது வாய், அந்தத் தெரு முனையில் நிற்கிற சைக்காக்காரர். சைக்கா என்பது எங்கள் ஊர் மூன்று சக்கர வண்டி. பக்கத்துத் தொட்டியில் ஒருவர் முன்னால் பார்த்தும் இன்னொருவர் பின்னால் பார்த்தும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். நான் ஏறி, சும்மா ஒரு சுற்று போகச் சொன்னேன்.

“மல்லிகா மகனா? மலேசியா” என்றார் அவர், மிதித்துக்கொண்டே.

“நல்லா இருக்கானாமா?”

“எனக்கென்ன தெரியும்? மாசாமாசம் அந்தம்மா அவனுக்கு இறால் பொரியலும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் குடுக்கும். வடக்க போற பஸ் நிக்கற கேட்டுல நான்தான் கொண்டுபோய்ப் போடறேன்.”

“மலேசியாவுக்கா? பஸ்லயா?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் பஸ் கேட் வரைக்கும்தான் ஓட்டறேன். அதுக்கப்புறம் பஸ் எங்க போனா எனக்கென்ன?”

வண்டியிலேயே சிரித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். கவலை இல்லாத வாயின் மகிமையை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

பொட்டலம் எங்கே போகிறது என்று விசாரிக்க, கேட் என்று நாங்கள் சொல்கிற அந்த பஸ் நிலையத்துக்கே போனேன். அங்கே சாமான் ஏற்றுகிற பெண்ணுக்கு ஊறுகாய் வாசனை நன்றாக நினைவிருந்தது. “அதுவா, பட்டாள முகாம் இருக்கற ஊருல இறக்குவோம். பாண்டு வாசிக்கற பையன் ஒருத்தன் வந்து வாங்கிப்பான். பாதி பாட்டிலை அங்கேயே காலி பண்ணிடுவான்” என்றாள்.

அன்று மாலை ஊ தான் ஸின் காங்பாங்கோடு உட்கார்ந்திருந்தார். ஹமீது பாய் எதிரில். நான் கேட்டதை எல்லாம் சொன்னேன். பாய் நாற்காலியில் துள்ளினார்.

“அம்மாக்காரியே மலேசியாங்குறா. கடன் குடுத்த நானும் மலேசியாங்குறேன். இதுல பட்டாளம் எங்கேருந்து வந்துச்சு? க்ளாரினெட் ஊதுறவன் பட்டாளமா?”

“சம்பளம் யார் குடுக்கறாங்க?” என்றார் ஊ தான் ஸின்.

“பட்டாளம்.”

“அப்ப பட்டாளம்தான். குழலா இருந்தா என்ன, துப்பாக்கியா இருந்தா என்ன?” என்று சொல்லி, காங்பாங்கை இரண்டு கையாலும் தூக்கி டின்னுக்குள் வைத்தார். மூடி ‘டப்’ என்று விழுந்தது.

பாய் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, இவர் என் வக்கீலா, அவ வக்கீலா?”

ஊ தான் ஸினுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் பபேடானில் இத்தனை வருஷம் இருந்ததில் இந்த மாதிரிக் கேள்வி புரியும். “உங்க வக்கீல்தான், ஊ ஹமீது. நாளைக்கு அவன் வந்து, நான் பட்டாளத்துல இருந்தேன், எனக்கு யாரும் சொல்லலைன்னு ஒரு மனு போட்டா, நீங்க எடுத்த இடத்தைத் திருப்பிக் குடுத்துட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது” என்றார்.

பாய் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். படியிறங்கும்போது அவர் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. பாதி அல்லாஹ்விடம், பாதி மின்விசிறி பார்த்த பயலிடம்.

“மேலதிகாரிக்குச் சம்மன் அனுப்பறதுக்கு முன்னால போய் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. பயந்துபோகப் போறாங்க” என்றார் ஊ தான் ஸின்.

மறுநாள் காலை மார்க்கெட். மல்லிகா கட்டையில் ஒரு பெரிய உல்லம் மீனை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த பூச்சு, தலையில் துண்டு. நான் யார் என்று சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

“அவன் மலேசியாவுலல்ல இருக்கான்.”

“மலேசியாவுக்கு பஸ்ல ஊறுகாய் அனுப்பற ஒரே ஆள் நீதான், மல்லிகா.”

கத்தி நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். அப்புறம் முகம் வெளிறியது.

“எக்கா, யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லலை. எல்லாரும் மலேசியான்னுதான் சொன்னாங்க. நீ நல்லாத்தான் சொல்லி வச்சிருக்கே.”

சம்மன் மேலதிகாரி கைக்குப் போகும் என்றதும் அவள் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள். “எக்கா, வேண்டாம். நான் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தாளு பாத்தா என்ன நினைப்பாரு? கடன்காரப் பயலுக்குப் பாண்டு எதுக்குன்னு க்ளாரினெட்டைப் பிடுங்கிக்கிட்டு, துப்பாக்கியைக் குடுத்து ஏதாச்சும் மலை மேல அனுப்பிட்டா? அவன் குழல் ஊதத் தெரிஞ்சவன், அவ்வளவுதான் தெரியும். நீங்க மலேசியான்னே எழுதிக்கங்க. உங்க பாய்க்கும் ஜெயிப்பு, எனக்கும் நிம்மதி.”

“இடம் போயிடுமே?”

“போகட்டும்.”

“போனா என்னத்தைச் சாப்பிடுவே?”

“போன வருஷம் சாப்பிட்டதை நினைச்சுக்கிட்டு இருப்பேன்.”

அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் சிரிக்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி ஊ தான் ஸினிடம் சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் எல்லாருக்கும் வேண்டியது ஒரே பொய்தான். பாய்க்கு வேண்டும், மல்லிகாவுக்கு வேண்டும். ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்துவிடும். அவர் பச்சைத் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். குரல் தாழ்ந்தது. ரொம்பவே தாழ்ந்ததால் நான் மேசைக்குக் கிட்டே போனேன்.

“ரெண்டு பக்கமும் சேர்ந்து சொன்னாலும் பொய் பொய்தானே, மா சகா. தவிர, இது அந்தப் பையனோட வழக்கு. அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. அம்மா காப்பாற்றப் பார்க்கிறாள், பாய் வசூலிக்கப் பார்க்கிறார், நான் தேடிக் கண்டுபிடித்தேன். முருகேசுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அம்மாவின் இடத்தை ஒரு நாள் வந்து பார்க்கும்போது அங்கே வேறு யாரோ மீன் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அவர் சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். நான் அதுவரை பார்த்திராத பக்கம். எங்கள் ஆபீசில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. பட்டாளத்தில் இருப்பவருக்கு வழக்குக்கு வர விடுமுறை கிடைக்காவிட்டால், தனக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். மேலதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரராக இருக்கலாம், சிநேகிதராக இருக்கலாம்.

“அம்மாவா இருக்கலாமா?” என்றேன்.

“யாரை வேணும்னாலும்னு எழுதியிருக்கு. அம்மாவைத் தவிரன்னு எழுதலையே.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வழக்கு ஜெயித்த நாட்களில்கூடப் பார்த்ததில்லை. சம்மனோடு அந்த விவரத்தையும் ஒரு தாளில் டைப் செய்யச் சொன்னார். எதிராளிக்கு அவன் உரிமையைச் சொல்லி அனுப்புகிற வாதி வக்கீல் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. “எதிரில் ஆள் இருக்கறப்ப ஜெயிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார், டைப்ரைட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டே.

சம்மன் போனது. அதற்குப் பிறகு மல்லிகாவுக்கு என் மேல் கோபம். ஒரு நாள் மீன் வாங்கப் போனேன். முன்னால் குவியலாக மீன் கிடந்தது. “உங்களுக்கு மீன் இல்லை” என்றாள். “இது என்ன?” என்று கேட்டேன். “கல்லு” என்றாள். பக்கத்துக் கடைக்காரி எனக்கு மீன் கொடுக்கக் கையை நீட்டினாள். மல்லிகா பார்த்த பார்வையில் அந்தக் கை திரும்பிப் போய்விட்டது. வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் “மீனெங்கே?” என்றார். “வழக்கு நடக்குது” என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. ஆபீஸ் படியில் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் மீன் வாசனை வந்தது. மல்லிகா. கையில் ஓலையில் சுற்றிய ஒரு முழு உல்லம். மூச்சு வாங்க, நின்றபடியே பேசினாள்.

“அவன் போன் பண்ணினான்கா! அந்த ஆபீசர் கூப்பிட்டாராம். இவன் செத்தேன்னு போயிருக்கான். கடன் உண்டான்னு கேட்டாராம். உண்டு சார்னானாம். அப்ப குடுத்துத்தானே ஆகணும்னாராம். சரி சார்னானாம். விழா வருது, பாண்டு ஆளை இப்ப விட முடியாது, உனக்காக யார் கோர்ட்டுல பேசுவாங்கன்னாராம். எங்கம்மான்னானாம். அந்தாளு கேட்டிருக்காரு, உங்கம்மாவுக்குப் பேச வருமான்னு…”

அவளால் தொடர முடியவில்லை. சிரிப்பில் கண்ணீர் கன்னத்துத் தனக்காவில் கோடு போட்டது.

“எக்கா, இவன் ஆபீசர் முன்னாலயே சிரிச்சுட்டானாம்! பட்டாளத்துல சேர்ந்ததுலேருந்து அவர் முன்னால ஒருத்தன் சிரிச்சது அதான் முதல் தடவையாம். அவரும் சிரிச்சுட்டு, கையெழுத்துப் போடுன்னாராம்.”

“க்ளாரினெட்?”

“அதெங்க போவும்? விழாவுக்குத் தனியா ஊதப் போறானாம்.”

உள்ளே ஊ தான் ஸின் எழுந்து வந்து மீனைப் பார்த்தார். வழக்கு முடியும் வரை எதிர்த் தரப்பிடமிருந்து அதை வாங்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பினார். “இப்ப இதுவும் கல்லா?” என்று மல்லிகா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்படித்தான் அவள் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தாள், பர்மியப் பெண்கள் கட்டுகிற தமெயின் கைலியில் நல்லதாக ஒன்றைக் கட்டி, காதில் தோடு போட்டு. அவள் உள்ளே வந்தபோது ஊ தான் ஸின் எழுந்து நின்றார். பெரிய வக்கீல்களுக்கு எழுவதைப் போலவே எழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஹமீது பாயும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துவிட்டார். நீதிபதி நியமனத் தாளை இரண்டு முறை படித்தார். “நீங்கதான் மகனுக்காகப் பேசப் போறீங்களா?” என்றார். அதற்கு அவள் சொன்ன பதிலில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

நீதிபதி நின்ற பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “வாதி என்ன சொல்றார்? இடத்தை எடுத்தா இவங்க எதை வித்துக் குடுக்கறது?”

ஊ தான் ஸின் திரும்பினார். பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் மின்கம்பத்தைப் பார்த்தேன். கேள்வி அவரிடமே திரும்பிப் போனது.

“எடம் எனக்கெதுக்குங்க? என் கடையில ஆம்ப்ளிஃபையர் விக்குறேன், மீன் வாசம் அதுக்கு ஆகாது” என்றார் பாய், யாரையும் பார்க்காமல். “மாசாமாசம் குடுக்கட்டும். ஆத்துல விழுந்த பெட்டிக்கு நானும் கொஞ்சம் விட்டுக் குடுக்குறேன். ஆனா ஒண்ணு. அந்தப் பய வரும்போது ஃபேனப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துப் பேசணும்.”

“பாப்பான்” என்றாள் மல்லிகா. “பாக்கலைன்னா நான் அவன் மூஞ்சியைத் திருப்பி வைக்கறேன்.”

நீதிபதி எழுதத் தொடங்கினார். மகன் அங்கிருந்து சம்பளத்தில் ஒரு பங்கு, அம்மா இங்கிருந்து ஒரு பங்கு, இடம் இருந்த இடத்தில். பெஞ்சு கிளார்க் தாளை நீட்ட, மல்லிகா மகன் பெயரை எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். எல்லாரும் எழுந்தோம். நீதிபதி உள்ளே போனார்.

அப்போது அவள் பாயிடம் தமிழில் சொன்னாள். “பாய், விடிஞ்சதும் இங்க இழுத்துட்டு வந்துட்டீங்க. இன்னும் எனக்குப் போணி ஆகலை.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீங்கதானே கெடுத்தீங்க? நீங்கதான் செய்யணும்.”

பாய் அவளைப் பார்த்தார், ஊ தான் ஸினைப் பார்த்தார், கடைசியில் சட்டைப் பையைப் பார்த்தார். கடன் கொடுத்த மனுஷன், கடன் வாங்கிய வீட்டுக்கு, நீதிமன்றத்துக்குள் நின்று ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். “சாயங்காலம் வீட்டுக்கு ஒரு உல்லம் கொடுத்தனுப்பு. சினையோட வேணும். முள்ளு மட்டும் எனக்குப் போட்டுக்குடுத்தே, மறுபடி கேஸு போடுவேன்” என்றார்.

எங்கள் ஊரில் எந்த வியாபாரியானாலும், பர்மியரோ தமிழரோ, அன்றைய முதல் காசு கைக்கு வந்ததும் அந்த நோட்டாலேயே மற்றச் சரக்கை எல்லாம் தட்டுவார்கள். வந்த அதிர்ஷ்டம் எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். மல்லிகா நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டுவதற்கு அங்கே மீன் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். போணிக்குப் பர்மியத்தில் சொல்கிற “சே ஊ, சே ஊ”வைச் சொல்லிக்கொண்டே பெஞ்சு கிளார்க் மேசையில் இருந்த வழக்குக் கட்டைத் தட்டினாள். ஊ தான் ஸினின் கறுப்புப் பையைத் தட்டினாள். என் தோளைத் தட்டினாள். வாசல்வரை போய்விட்டு, எதையோ விட்டுப்போனவள் போலத் திரும்பி வந்து, ஹமீது பாயின் சட்டைப் பையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினாள்.